பாதிப் படியில் புதுச்சேரி: கூட்டாட்சி நமக்கு எந்த வழியாக வந்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 12 ஆகஸ்ட் 2024

புதுச்சேரிக்கு மாநிலத் தகுதி கேட்டு இன்னும் எத்தனை தீர்மானம் போடுவார்கள்? அமெரிக்காவில் 13 குடியேற்றங்கள் கூடி ஒன்றியத்தை உண்டாக்கின. இங்கே ஒன்றியம்தான் மாநிலங்களை உண்டாக்கியது. கொடுத்தவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது; கேட்பதற்கு நமக்கு ஏது உரிமை? புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டோடும், மாஹேயைக் கேரளத்தோடும், ஏனாமை ஆந்திரத்தோடும் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. இதில் என்ன தவறு?

12 ஆகஸ்ட், இரவு

முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதி தவறு. அங்கிருந்து இங்கே எப்படித் தாவினீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூரில் வாழ்க்கைப்பட்டவள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தினேன். பெண்ணையாற்றுப் பாலத்தையும் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியையும் எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பேன் என்று கணக்கில்லை. இதை ஒரே பதிலில் முடிக்க என்னால் ஆகாது. நாளை தொடர்கிறேன்.

13 ஆகஸ்ட்

கொடுத்தவர் டெல்லி என்கிறீர்கள். டெல்லிக்கு முன்னால் லண்டன் இருந்தது. நம் கூட்டாட்சியின் அடிக்கல் 1950-இல் நட்டதல்ல. அந்நிய அரசு மாகாணங்களுக்குப் படிப்படியாக, மனமில்லாமல் இறக்கிக் கொடுத்த அதிகாரத்தின் மேல் எழுந்த கட்டடம் அது.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண அரசின் வேலைகளை இரண்டாகக் கிழித்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. காவல், நிலவரி, நிதி ஆகியவை ஆளுநரிடமே நின்றன. இதற்கு இரட்டையாட்சி என்று பெயர். பள்ளிக்கூடம் வேண்டும் என்று முடிவெடுப்பவர் ஒருவர், பணப்பெட்டியின் சாவி இன்னொருவரிடம்.

சென்னை மாகாணத்தில் அந்த முதல் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? கடலூரில் வழக்கறிஞராக இருந்த அ. சுப்பராயலு ரெட்டியார். 1920 டிசம்பரில் பொறுப்பேற்றார். உடல்நலம் இடம் கொடுக்காமல் 1921 ஜூலையில் விலகினார். பனகல் அரசர் அடுத்து வந்தார். கடலூரில் இத்தனை ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டால் கை தூக்கும் மாணவர் வகுப்புக்கு ஒருவர்கூட இருந்ததில்லை. எனக்கு அது இன்றுவரை மனக்குறை.

அன்றைய பணக் கணக்கையும் பாருங்கள். மாகாணங்கள் ஆண்டுதோறும் மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கை மெஸ்டன் குழு வகுத்தது. மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதில் சென்னையின் தலையில் 348 லட்சம். வங்காளத்துக்கு 63, பம்பாய்க்கு 56. தெற்கிலிருந்து போவது அதிகம், திரும்பி வருவது குறைவு என்ற பேச்சு நேற்று முளைத்ததில்லை.

அடுத்த படி 1935. மத்தியப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று. இன்று மத்திக்கும் மாநிலத்துக்கும் அதிகாரத்தைப் பிரிக்கும் ஏழாம் அட்டவணையின் தாய் அதுதான். 1937 ஏப்ரல் 1 முதல் மாகாணங்களுக்குத் தன்னாட்சி. சுதேச சமஸ்தானங்கள் சேர முன்வராததால் மேலே கட்ட நினைத்த கூட்டாட்சி எழவே இல்லை. கீழ்த்தளம் மட்டும் நின்றது. அதற்குள்ளும் ஒரு பொறி: 93-ஆம் பிரிவின்படி ஆளுநர் முழு ஆட்சியையும் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியபோது சென்னையில் அதுதான் நடந்தது. 1946 வரை ஆளுநர் ஆட்சி. அந்தப் பிரிவு பெயரும் எண்ணும் மாறி, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான 356-ஆம் உறுப்பாக நம் அரசமைப்புக்குள் வந்து உட்கார்ந்தது.

14 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்லாமல் விட்டேன். "மாநிலங்கள் கூடி உண்டாக்கவில்லை" என்பதை 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் அம்பேத்கரே வெளிப்படையாகச் சொன்னார்: இந்தக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு அல்ல, ஆகவே பிரிந்து செல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்று. அதனால்தான் முதல் உறுப்பில் "மாநிலங்களின் ஒன்றியம்" என்ற சொல். இதுவரை உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், புதுச்சேரி இந்த ஏணியில் ஏறவே இல்லை. 1919-உம் இல்லை, 1935-உம் இல்லை. பெண்ணையாற்றுக்குத் தெற்கே சுப்பராயலு ரெட்டியார் அமைச்சராக இருந்தபோது, வடக்கே பாரிசிலிருந்து அனுப்பப்பட்ட ஆளுநர். பிரெஞ்சுக் குடியரசு பிரிக்க முடியாத ஒற்றைக் குடியரசு. அதன் அகராதியில் மாகாணத் தன்னாட்சி என்ற சொல்லே இல்லை. ஆனால் அங்கே வேறொன்று இருந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இந்த ஊர்களிலிருந்து உறுப்பினர்கள் போனார்கள். 1880 முதல் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிகள், அவற்றுக்குத் தேர்தல், மேயர். மேலே அதிகாரம் பகிரப்படவில்லை. கீழே தெருவளவில் ஓர் ஆட்சி இருந்தது. அந்தத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள வாக்கும் மலிந்திருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் பாகூரில் இன்றும் "கொம்யூன் பஞ்சாயத்து" என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

15 ஆகஸ்ட்

எல்லை ஏன் இப்படிக் கிழிந்த பாயாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போரும் விலைக்கு வாங்கலும்தான் காரணம். கடலூர்ப் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவுவரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததால் 1752 வரை ஆங்கிலேயரின் சோழமண்டலத் தலைமையிடம் அதுவே. புதுச்சேரியை ஆங்கிலேயர் பலமுறை பிடித்துப் பலமுறை திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாகக் கொடுத்தது 1816-இல். குண்டு போட்ட கோடுகளின் மேல்தான் இன்று குடியிருப்புச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அந்தச் சான்றிதழ் பற்றி எனக்கு ஒரு வழக்கே இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

16 ஆகஸ்ட்

இன்று எங்களுக்கு விடுமுறை. ஆற்றுக்கு அப்பால் கடலூரில் அலுவலகங்கள் திறந்திருக்கும்.

1954-இல் புதுச்சேரி இந்தியாவில் இணைந்துவிட்டது, அத்தோடு சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். திருத்த வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி, கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. ஏனாமும் மாஹேயும் அந்த ஆண்டு நடுவிலேயே தம் வழியில் விடுபட்டுவிட்டன. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் பிரெஞ்சு மண். 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் ஒப்புதல் தந்து பத்திரங்கள் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில் ஒரு பஸ் பர்மிட் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனபோது, புதுச்சேரி இந்திய எல்லைக்குள் இல்லை என்றுதான் 1961-இல் நீதிமன்றம் சொன்னது.

என் மாமனார் அப்போது இளைஞர். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. அவருடைய அண்ணன் எழுதிக் கொடுத்தார், இவர் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர், இரண்டு நாட்டுக் குடிமக்கள். பெரியவர் வீட்டை ஊரில் இன்றும் சொல்தா வீடு என்பார்கள்; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். மாமனார் வருந்தினாரா என்று நான் ஒரு முறை கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்: "அண்ணன் காகிதத்தில் போட்டான். நான் காகிதமே வாங்கவில்லை. அவ்வளவுதான் அம்மா."

20 ஆகஸ்ட்

இப்போது உங்கள் "கேட்க ஏது உரிமை" என்ற கேள்விக்கு.

1956 ஒப்பந்தத்தின் இரண்டாம் உறுப்பைப் படியுங்கள். 1954 நவம்பருக்கு முன்பிருந்த தனி நிர்வாக நிலை தொடரும். பின்னால் அரசமைப்பு வகையில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும். இதுதான் சாரம். மற்ற மாகாணங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஏணியில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். எங்களிடம் கேட்டார்கள். இனியும் கேட்போம் என்று இரு நாடுகள் கையெழுத்திட்டு எழுதித் தந்தார்கள். அமெரிக்காவைப் போன்ற உடன்படிக்கையின் சாயல் இந்தியாவில் எங்காவது இருக்கிறதென்றால், அது இந்த நான்கு துண்டு நிலத்தில் இருக்கிறது.

1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசினார். ஊர் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் நடந்தன. அன்று தெருவுக்கு வந்தவர்கள் தமிழுக்கு எதிரிகள் இல்லை. வீட்டில் பேசுவது தமிழ், கும்பிடுவது திருக்காமீசுவரரை. கேட்காமல் செய்யாதே என்றார்கள், அவ்வளவே.

22 ஆகஸ்ட்

பல ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடப்பது இது.

1963-இல் யூனியன் பிரதேச அரசுச் சட்டம் வந்தது. அரசமைப்பின் 239ஏ உறுப்பு கொடுத்த இடத்தில் நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டம். அந்த ஜூலை 1 அன்று எங்கள் சட்டசபை பிறந்தது. எதுவார் குபேர் முதல் முதலமைச்சர். அந்தச் சட்டம் எங்களுக்காக மட்டும் போடப்பட்டதில்லை. இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா தாமன் தியூ, புதுச்சேரி என்று ஐந்து பேர் ஒரே பஸ்ஸில் ஏறினோம். இமாசலம் 1971-இல் மாநிலமாக இறங்கியது. மணிப்பூரும் திரிபுராவும் 1972-இல். கோவா 1987-இல். பின்னால் ஏறிய மிசோரமும் அருணாசலமும்கூட 1987-இல் இறங்கிவிட்டன. பஸ்ஸில் இன்னும் உட்கார்ந்திருப்பது நாங்கள் மட்டும்.

சிறிய நிலம் என்ற காரணம் கோவாவுக்குச் சொல்லப்படவில்லை. நிதி இல்லை என்ற காரணம் மணிப்பூருக்குச் சொல்லப்படவில்லை.

22 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவை ஒரு சேர்ந்த நிலப்பரப்பு, அல்லது கோவாவைப் போல ஒரு மொழி. எங்களுடையது மூன்று கடலோரத் துண்டும் ஒரு கோதாவரிக் கரைத் துண்டும். மாஹேக்காரர்கள் அரபிக் கடலைப் பார்த்துக்கொண்டு புதுச்சேரிக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள். இதற்கு என்னிடம் மழுப்பலில்லாத பதில் இல்லை.

29 ஆகஸ்ட்

இங்கே சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்ட தம்பிக்கு.

சட்டசபையில் 30 பேரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். மூன்று பேர்வரை மத்திய அரசு நியமிக்கலாம். எங்கள் அரசைக் கேட்க வேண்டியதில்லை என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மூவருக்கும் வாக்கு உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள எதைப் பற்றியும் சட்டம் இயற்றலாம், ஆனால் அதே பொருளில் நாடாளுமன்றம் இயற்றினால் அதுவே வெல்லும். துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை அவசரம் என்று தோன்றினால் ஆளுநரே செயல்படலாம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் அருணாசலம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தொகுப்பிலிருந்து வருகிறார்கள்.

இதை 1935-உடன் ஒப்பிட்டு வகுப்பில் சொல்லி வந்தேன். இப்போது எழுதும்போது அது தவறு என்று படுகிறது. 1919-உடன்தான் ஒப்பிட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர் ஒரு பக்கம், சாவி வைத்திருப்பவர் மறுபக்கம். சுப்பராயலு ரெட்டியாரின் நாற்காலி ஆற்றைத் தாண்டி வடக்கே வந்திருக்கிறது. நூறு ஆண்டு பிந்தி.

5 செப்டம்பர்

சான்றிதழ் வழக்கு. நான் கடலூர்ப் பக்கத்தில் வேலை பார்த்ததால் சில ஆண்டுகள் அங்கேயே வாடகை வீட்டில் இருந்தோம். மகள் அங்கேதான் படித்தாள். பாகூருக்குத் திரும்பி வந்து மேல்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, தொடர்ந்து குடியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமனாரின் நிலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது, மூன்று தலைமுறை இதே தெரு என்று காட்டினேன். அந்த அலுவலர் பத்திரத்தை விரலால் தடவிப் பார்த்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். மனுவைத் திருப்பிக் கொடுத்தார். தமிழ்நாட்டிலோ நாங்கள் வெளியார். மகள் ஒரு வருடம் வீட்டில் இருந்தாள்.

இந்த வழக்கைச் சொல்லிவிட்டுப் "பார், இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை" என்று நீங்கள் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியும். சொல்லுங்கள். அந்த வருடம் முழுவதும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

6 செப்டம்பர்

ஆனாலும் ஒரு மகளின் ஒரு வருடத்தை வைத்து நான்கு பகுதி மக்களின் நிலையை மாற்றக் கூடாது. சான்றிதழ் விதியைத் திருத்த எங்கள் சட்டசபையே போதும். ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்று பிறகு தெளிந்தேன்.

18 செப்டம்பர்

நேற்று பஸ் நிலையம் அருகே சாப்பிட்டுவிட்டு பில்லை வாசித்தேன். இரண்டு வரி: சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. சட்டசபை இல்லாத யூனியன் பிரதேசமான சண்டிகரில் இரண்டாவது வரியில் யூ.டி.ஜி.எஸ்.டி. என்று இருக்கும். எங்களுக்கு "எஸ்", அதாவது ஸ்டேட். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எங்கள் அரசுக்கு இருக்கை உண்டு, 101-ஆம் திருத்தம் எங்களை மாநிலமாகவே கணக்கிட்டது. ஆனால் நிதிக் குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும்போது நாங்கள் மாநிலம் இல்லை. மத்திய அரசின் மானியத்தைப் பார்த்து உட்கார வேண்டும். வரி வாங்கும் இடத்தில் மாநிலம், பங்கு கொடுக்கும் இடத்தில் யூனியன் பிரதேசம். இட்லி இரண்டு, வடை ஒன்று தின்ற பில்லில் இத்தனை சட்டம்.

அந்தப் பில்லை எடுத்து வைத்திருக்கிறேன்.

2 அக்டோபர்

குடியரசுத் தலைவர் தேர்தலில் உங்கள் உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டா என்று இடையில் வந்த கேள்வி: ஆம், 1992-இன் 70-ஆம் திருத்தத்துக்குப் பிறகுதான் நாங்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அதில் வாக்குரிமை. ஒரு வாக்கின் மதிப்பு 16. கடலூர் உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்து வருகிற கணக்கு அது, அவமதிப்பு ஒன்றுமில்லை.

இன்று காந்தி பிறந்த நாள். சந்திரநாகூரும் பிரெஞ்சு ஊர்தான். அங்கே 1949-இலேயே வாக்கெடுப்பு நடந்தது. 1954-இல் இதே அக்டோபர் 2 அன்று மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. கல்கத்தாவின் மடியில் கிடந்த ஊர். மக்களே கேட்டார்கள், சேர்த்தார்கள். இணைப்பு தவறு என்று நான் சொல்லவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கேட்டுச் செய்தார்கள்.

13 அக்டோபர்

மூன்று நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

டெல்லி எங்களுக்குக் கொடுக்கவில்லை என்கிறோமே, நாங்கள் கீழே என்ன கொடுத்தோம்? பிரெஞ்சுக்காரன் 1880-இல் தொடங்கிய கொம்யூன் தேர்தல் 1968-க்குப் பிறகு நின்றுபோனது. 1993-இல் உள்ளாட்சிகளுக்கான 73, 74-ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் வந்தும், 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-இல்தான் மறுபடி நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. எங்கள் தெருவில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் நான் போய் நிற்பது ஓர் அதிகாரியின் மேசை முன்னால். என்னிடம் வாக்குக் கேட்டு வந்த ஒருவரின் வாசலில் இல்லை.

கீழூரில் வாக்களித்த 178 பேரில் கொம்யூன் உறுப்பினர்களும் இருந்தார்கள். நாளை ஒப்பந்தத்தின் இரண்டாம் உறுப்பின்படி மக்களின் விருப்பத்தை அறிய வேண்டும் என்றால், அந்த வரிசையில் உட்கார இன்று எங்களிடம் ஆள் இல்லை. மாநிலத் தகுதி கேட்கும் எல்லாக் கட்சிகளிடமும் இதைக் கேட்கிறேன். கோபத்தோடுதான் கேட்கிறேன்.

1 நவம்பர்

நேற்று தீபாவளி. இன்று விடுதலை நாள், எழுபது ஆண்டு. இதே நவம்பர் 1 அன்று, 1956-இல், ஆற்றுக்கு அப்பால் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. 14 மாநிலம், 6 யூனியன் பிரதேசம். எங்கள் ஒப்பந்தத்துக்கு அப்போது ஒப்புதல் வரவில்லை, அந்தப் பட்டியலில் நாங்கள் இல்லை.

கேள்வி கேட்ட வாசகர் நேற்று மறுபடி வந்து, இணைப்பு என்று முடிவாகச் சொன்னதை விட்டுவிட்டு, "சரி, மக்களையே கேட்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். கேட்டால் நீங்கள் இணைப்புக்கே வாக்களிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் எதிராக வாக்களிப்பேன். அது நடக்கட்டும்.

அவர் கீழூருக்கு வழியும் கேட்டிருக்கிறார். புதுச்சேரி பஸ் நிலையத்தில் வில்லியனூர் பஸ் ஏறுங்கள். வில்லியனூரில் யாரைக் கேட்டாலும் நினைவு மண்டபத்துக்குப் போகும் பாதையைக் காட்டுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், கொடி ஏற்றி, மாலை போட்டு, அதிகாரிகளின் கார்கள் கிளம்பிய பிறகு ஊர்ப் பெரியவர்கள் சிலர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு பேசுங்கள்.